ஊர்வழிக் காட்சிகளும் நிழற்படக் கலையும்

(ஜாம்ஷெட்பூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர்; இசை பேசுவோர் உளர்; சமயம் பேசுவோரும் உளர். எனக்குச் செயலாளர் அவர்கள் அளித்த பொருள் சற்றே புதுமையானது. ‘பயணம் செல்லும்போது கிராம வாழ்க்கையையும் இயற்கைக் காட்சிகளையும் நிழற்படம் எடுப்பது குறித்துப் பேசுக’ என்று பணித்தார். இக்காலத்தில் நம் காலனியில் காமிரா இல்லாத வீடு இல்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி வடிவில் ஒரு காமிரா இருக்கிறது. ஆகையால் படம் எடுப்பது எப்படி என்று யான் கற்பிக்க வேண்டியதில்லை. இளைஞர்கள் எனக்கே கற்பிப்பார்கள். எதை எடுப்பது, யாருக்காக எடுப்பது, எடுத்த பின்பு என் செய்வது என்னும் மூன்று கேள்விகளையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழர்க்கு இக்கலை புதிதெனினும், இதன் இலக்கணம் புதிதன்று. நிலத்தையும் அதில் வாழும் மக்களையும் ஒருங்கே நோக்குவதற்கு ஒரு முறையைத் தொல்காப்பியம் நமக்குத் தந்திருக்கிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக அது வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்திற்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன. உரிப்பொருள் என்பது மாந்தர் நெஞ்சத்தில் நிகழும் ஒழுக்கம்.

ஒரு நல்ல நிழற்படத்தை எடுத்து மேசைமீது வைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் அதில் இருக்கும். நிலமும் பொழுதும் இன்றி எந்தப் படமும் இல்லை. ஓர் இடத்தில் ஒரு கணத்தில் விழுந்த ஒளியே நிழற்படம். நம்மில் பெரும்பாலோர் எடுக்கும் படங்கள் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன. மலை இருக்கிறது, மாலை இருக்கிறது, அவ்வளவே. சிலர் ஒரு படி மேலே சென்று ஏர், எருது, நாற்று, குடம் என்று கருப்பொருளையும் சேர்க்கிறார்கள். உரிப்பொருளைத் தொடுகிற படம் நூற்றில் ஒன்றே. களத்தில் நெல் தூற்றுகிற பெண் நிமிர்ந்து முதுகை நீவிக்கொள்ளும் கணத்தில் அவளுடைய உழைப்பும் களைப்பும் நிறைவும் ஒன்றாகத் தெரிகின்றனவே, அதுவே உரிப்பொருள். அக்கணத்திற்காகக் காத்திருக்கும் பொறுமையே இக்கலையின் பெரும்பகுதி.

பொழுதைப் பற்றியும் நம் முன்னோர் நுட்பமாக எண்ணினர். மருதத்திற்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு, முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல் என வகுத்தனர். நிழற்படம் எடுப்போர் இன்றும் இதையே பட்டறிவால் கற்கிறார்கள். வயலை விடியலில் எடுக்க வேண்டும். பனித்துளியும் நீண்ட நிழலும் வரப்பின் மேடு பள்ளத்தைக் காட்டும். நண்பகல் வெயில் மேலிருந்து விழுவதால் கண்ணும் கன்னமும் இருண்டு போகும். ஆனால் வறண்ட நிலத்தின் கொடுமையைக் காட்ட வேண்டுமாயின் நண்பகலே தக்க பொழுது.

இனி, இக்கருவி இந்தியக் கிராமங்களுக்கு வந்த வரலாற்றைச் சிறிது காண்போம். 1839-இல் பாரிசில் தாகேர் என்பாரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1850-களில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நிழற்படச் சங்கங்கள் தோன்றின. சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரை அரசின் நிழற்படக்காரராக நியமித்தது. அவர் 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, இராயக்கோட்டை, சேலம், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சென்று படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக ஆக்கினார். அவருடைய உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் அப்படங்களில் கோபுரங்களும் குளங்களும் மண்டபங்களும் நிறைந்திருக்க, அவற்றைக் கட்டியவர்களின் வழிவந்த மக்களைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. மெழுகுத்தாளில் படம் பதிய நீண்ட நேரம் பிடித்தமையால் நடமாடும் மனிதன் அதில் தங்கவில்லை என்பது ஒரு காரணம். ஆட்சியாளர்க்குக் கட்டடங்களின் பதிவே வேண்டியிருந்தது என்பது மற்றொரு காரணம்.

1863-இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன் என்பார் இமயத்தில் மும்முறை நெடும்பயணம் செய்தார். அக்காலத்து ஈரத்தட்டு முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்குள் படம் பிடித்து, உடனே கழுவியும் ஆக வேண்டும். எனவே இருட்டறைக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள் அனைத்தையும் சுமையாட்கள் முதுகில் ஏற்றிக் கணவாய்களைக் கடந்தார். கடல் மட்டத்திற்கு 18,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலும் படம் எடுத்தார். ஆனால் அவருடைய மலைக்காட்சிகள் பலவற்றில் மனிதன் மலையின் உயரத்தை அளந்து காட்டும் அளவுகோலாகவே நிற்கிறான். அவன் பெயர் என்ன, எந்த ஊரினன், அவன் சுமந்த சுமை எத்தனை சேர் என்று படம் சொல்வதில்லை.

மனிதர்களையே பொருளாகக் கொண்ட முயற்சியும் ஒன்று உண்டு. ‘இந்திய மக்கள்’ என்னும் தலைப்பில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளியாயின. அவற்றில் 468 நிழற்படங்கள் உள்ளன. குலம், குடி, தொழில் எனப் பிரித்து, பூச்சிகளை ஊசியில் குத்தி வைப்பது போல் மக்களை அடுக்கி, இன்ன குலத்தார் நம்பத்தக்கவர், இன்ன குலத்தார் முரடர் என்று குறிப்பும் எழுதினார்கள். காமிராவிற்கு முன் நிறுத்தப்பட்டவரை ‘உன் படத்தின் கீழ் இப்படி எழுதலாமா?’ என்று கேட்டு எழுதிய குறிப்புகள் அல்ல அவை. ஆளுவோன் கண்ணும் ஆளப்படுவோன் முகமும் சந்தித்த இடம் அது.

இவ்வரலாற்றை யான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளையர் சென்றுவிட்டனர், அந்தப் பார்வை முற்றும் சென்றுவிட்டதா? நகரத்திலிருந்து காரில் இறங்கி, குடிசை வாயிலில் அமர்ந்த முதியவளின் சுருக்கம் விழுந்த முகத்தை அருகிற் சென்று எடுத்து, ஒரு சொல்லும் பேசாமல் திரும்புகிறோமே, அப்போது நம் கண்ணும் அதே கண்தான் அன்றோ?

நல்ல வழி காட்டியவர்களும் நம் நாட்டிலேயே உண்டு. சுனில் ஜானா என்னும் வங்காளத்து நிழற்படக் கலைஞர் 1918-இல் பிறந்து 2012-இல் மறைந்தார். 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டபோது, பி. சி. ஜோஷியுடனும் ஓவியர் சித்தபிரசாத்துடனும் கிராமம் கிராமமாகச் சென்று அவர் எடுத்த படங்கள்தாம் அக்கொடுமையை நாட்டின் பிற பகுதிகளுக்கு அறிவித்தன. பட்டினியால் வாடுவோரைப் படம் எடுப்பது தகுமா என்னும் கேள்வி அவரையும் வருத்தியது. அவர் படங்களை எடுத்தது அழகிற்காக அன்று, உதவி திரட்டுவதற்காக. பின்னர் அவர் பல ஆண்டுகள் பழங்குடி மக்களிடையே பயணம் செய்தார். அப்படங்களில் காணும் ஆண்களும் பெண்களும் கூசி நிற்பதில்லை. நிமிர்ந்து நிற்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஆடுகிறார்கள்.

குஜராத்தில் பாவ்நகரில் 1934-இல் பிறந்த ஜோதி பட் என்னும் ஓவியர் மற்றொரு வழிகாட்டி. 1967 முதல் குஜராத், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களின் கிராமங்களுக்குச் சென்று, சுவர் ஓவியங்களையும் தரைக் கோலங்களையும் பச்சை குத்திய கைகளையும் படமாக்கி வந்தார். அந்தக் கலைகள் கண்முன்னே மறைந்து வருவதை உணர்ந்து, ஓவியர் தம் தூரிகையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிறர் வரைந்த கோலங்களைப் பதிவு செய்தார் என்பது எண்ணத்தக்கது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

அன்பர்களே! இனி நம் ஊருக்கு வருவோம். நாம் வாழும் இந்த எஃகு நகரமே கிராமங்களின் மேல் எழுந்ததாகும். 1907-இல் இரும்பு ஆலைக்கு நிறுவனம் தொடங்கப்பட்டபோது இவ்விடத்தின் பெயர் சாக்சி. இரயில் நிலையத்தின் பெயர் காளிமாட்டி. 1919-இல்தான் ஜாம்ஷெட்பூர் என்னும் பெயர் வந்தது. பிழைப்பு நாடி நம் பாட்டன்மார் இங்கு வந்து இறங்கினர். காலனி அமைத்தோம், கோயில் கட்டினோம், சங்கம் வளர்த்தோம். நம் பிள்ளைகள் விடுமுறைக்கு இரண்டு நாள் இரயிலில் சென்று தஞ்சை வயல்களைப் படம் எடுத்து வருகிறார்கள். சுவர்ணரேகைக்கு அக்கரையில் உள்ள வயல்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

பேருந்தில் ஏறிச் சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவில் நம்மைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வடக்கே தல்மா மலைத்தொடரும் அதில் யானைக் கூட்டங்களும். மேற்கே சராய்கேலா, முகமூடி அணிந்து ஆடும் சௌ நடனத்தின் தாயகங்களுள் ஒன்று அது. சௌ நடனத்தை 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கிழக்கே காட்சிலா, வங்க நாவலாசிரியர் விபூதிபூஷண் பந்த்யோபாத்யாய வாழ்ந்து 1950-இல் மறைந்த ஊர். அதற்கருகே ஆமாடுபி என்னும் சிற்றூரில் பாயிட்கர் என்னும் படச்சுருள் ஓவியம் எழுதுவோர் இருக்கின்றனர். படத்தை விரித்துக் காட்டிக் கதை பாடுவது அவர்தம் மரபு.

பருவங்களோ நமக்கென்றே வரிசையாக நிற்கின்றன. பங்குனிக்கு முன்னரே புரச மரங்கள் இலையுதிர்த்து, காடு முழுவதும் தீப்பற்றியது போல் பூக்கும். சித்திரைக்குச் சற்று முன்பின்னாகச் சால மரம் பூக்கும். அப்போது முண்டா, ஓராவோன் மக்கள் சர்ஹுல் கொண்டாடுவர். இளவேனிலில் விடியற்காலையில் இலுப்பைப் பூப் பொறுக்கப் பெண்கள் கூடையுடன் செல்வர். ஆடியில் செம்மண் சேறாகி நடவு நடக்கும். கார்த்திகையில் அறுப்பு. சந்தை நாளில் சால இலையில் தைத்த தொன்னைகளும், மூங்கிற் கூடைகளும், மண்பானைகளும் சாலையோரம் குவியும்.

தைப் பொங்கல் நாளன்று நாம் காலனிக்குள் பானை வைத்துப் பொங்கல் இடுகிறோம். அதே சங்கராந்தியன்று, வெளியே கிராமத்துக் கன்னிப் பெண்கள் மார்கழி முழுதும் பாடி வழிபட்ட துசுத் தெய்வத்தை, வண்ணக் காகிதத்தால் செய்த ‘சௌடல்’ என்னும் சிறு தேரில் வைத்துப் பாடிக்கொண்டே ஆற்றுக்கு எடுத்துச் செல்கின்றனர். அறுவடைக்கு நன்றி கூறும் விழா அதுவும், இதுவும் அஃதே. மார்கழியில் பாவை பாடும் மரபுடைய நமக்கு அவர்கள் அயலாராவது எங்ஙனம்? ஒரே நாளில் ஒரே கதிரவனைப் போற்றும் இரு கூட்டத்தார், ஒருவரை ஒருவர் அறியாமல் நூறாண்டு அருகருகே வாழ்ந்துவிட்டோம். காமிரா இதனை மாற்றக்கூடிய ஒரு சிறு கருவி என்பதே என் நம்பிக்கை. அந்நியர் வாயிலில் காரணமின்றி நிற்கக் கூசுகிறோம். காமிரா ஒரு காரணத்தைத் தருகிறது.

ஹசாரிபாக் வட்டாரத்தின் சுவர் ஓவியங்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் அங்கே சோஹ்ராய் என்னும் விழா. அது அவர்களுடைய மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புகளுக்கு எண்ணெய் தடவிப் பொட்டிடுகின்றனர். அரிசி மாவுக் கரைசலால் வாயிலிலிருந்து தொழுவம்வரை தரையில் கோலமிட்டு, அதன்மேல் மாடுகளை நடத்தி உள்ளே அழைக்கின்றனர். விழாவிற்கு முன் பெண்கள் மண் சுவரை மெழுகி, செங்காவி, வெண்களி, மஞ்சள் மண், கருமண் ஆகியவற்றால் யானையும் மயிலும் மரமும் வரைகின்றனர். இளவேனில் மணப் பருவத்தில் வரைவது கோபர் எனப்படும். அதற்குக் கருமண் பூசிய சுவரின் மேல் வெண்களியைப் பூசி, அது உலர்வதற்குள் உடைந்த சீப்பால் சீவிக் கீழுள்ள கருமையை உருவங்களாக வெளிப்படுத்துகின்றனர். இவ்வோவியங்களையும், இஸ்கோ என்னும் ஊரின் பாறை ஓவியங்களையும் உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் ஹசாரிபாக்கைச் சேர்ந்த புலு இமாம். 2020-இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மழை வந்தால் ஓவியம் கரையும். அடுத்த ஆண்டு மீண்டும் வரைவர். நிலைத்திருக்கச் செய்த கலை அன்று இது. ஆண்டுதோறும் புதுப்பிக்கச் செய்த கலை. நம் வாயிற் கோலத்தின் தமக்கை என்று இதனைச் சொல்லலாம்.

அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் சிலர் படம் எடுக்க அனுமதி கேட்டபோது, சுவரில் பாதி வரைந்திருந்த ஒரு பெண்மணி கையால் தடுத்துவிட்டார். சினம் கொண்டாரோ என்று அஞ்சினோம். உடன் வந்தவர் விளக்கினார்: “தீதி சொல்கிறார், மயிலுக்கு இன்னும் கால் போடவில்லையாம். காலில்லாத மயிலை ஊருக்கெல்லாம் காட்டினால் வரைந்தவளுக்குத்தானே இழிவு? நாளைக்கு வாருங்கள்.” மறுநாள் சென்றோம். கால்கள் மட்டுமன்று, மயிலின் அருகே ஒரு குஞ்சும் சேர்ந்திருந்தது. அவர் தம்மை எடுக்கச் சொல்லவில்லை. சுவர் முழுதும் தெரியும்படி எடுக்கச் சொன்னார். அனுமதி கேட்பது வெறும் மரியாதை என்று எண்ணியிருந்த எங்கள் குழுவிலிருந்த இளைஞர்க்கு அன்று ஓர் உண்மை விளங்கிற்று. கேட்டதனால் படமும் சிறந்தது. எடுக்கப்படுவோரும் கலைஞரே, அவர்க்கும் தம் படைப்பைப் பற்றிய கருத்து உண்டு.

இங்கே ஒரு கடினமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். அந்த மண் சுவர்கள் குறைந்து வருகின்றன. 2016 முதல் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் செங்கல் வீடுகள் எழுகின்றன. வட கரண்புராப் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஊர்களையே விழுங்குகின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது. சுரங்கத்திற்காக ஊரைவிட்டு வெளியேற்றப்படுவது துன்பம். ஒழுகாத கூரைக்கு மாறுவது நன்மை. படம் எடுக்கச் செல்லும் நம்மில் சிலர், செங்கல் வீட்டைக் கண்டதும் ‘அழகு போயிற்றே’ என்று பெருமூச்சு விடுகிறோம். மழையிரவில் ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைத்தவர்க்கன்றோ அதைப் பற்றிப் பேச உரிமை? நாம் காலனியில் சிமெண்டுக் கூரையின் கீழ் உறங்கிக்கொண்டு, அவர்கள் மட்டும் நம் படத்திற்காக மண் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று விரும்புவது அறமன்று. வறுமையை அழகென்று காட்டும் படம் பொய் கூறும் படம்.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? உள்ளதை உள்ளவாறு எடுப்பது. செங்கல் வீட்டையும் எடுப்போம். அதன் சிமெண்டுச் சுவரின்மேல் காவியால் மயில் வரைந்திருந்தால் அதையும் எடுப்போம். மின்கம்பி குறுக்கே வந்தால் அதை நீக்கிவிட முயலாமல் இருப்போம். அந்தக் கம்பி அவ்வூருக்கு எந்த ஆண்டு வந்தது என்று ஐம்பதாண்டு கழித்து ஒருவர் தேடலாம். நம் படம் அவர்க்கு விடையாகும்.

படம் எடுப்போர்க்குரிய ஒழுக்கம் என்று யான் கருதுவன மூன்று. அவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, கேட்டு எடுத்தல். அகத்திணைப் பாடல்களில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய மரபு. ஒருவருடைய உள்வாழ்க்கையைப் பாடலாம்; ஆனால் இன்னார் என்று ஊருக்குக் காட்டிக் கொடுத்தல் ஆகாது. நிழற்படத்தில் பெயர் எழுதாவிட்டாலும் முகமே பெயராகும். ஆகவே குளிக்கும் துறையையும், அழும் வீட்டையும், பிறர் குழந்தையையும் கேளாமல் எடுத்தல் கூடாது. வேண்டா என்றால் அன்புடன் விலகுதல் வேண்டும். சில இடங்களில் இது சட்டமும் ஆகும். அந்தமானில் ஜாரவாப் பழங்குடியினரைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

இரண்டாவது, நாடகம் ஆக்காதிருத்தல். காசு கொடுத்துப் பழைய உடையை உடுத்தச் செய்து, இல்லாத ஏரைத் தோளில் ஏற்றி எடுக்கும் படம் பரிசு பெறலாம், பதிவாகாது. குழந்தைகளுக்குக் காசு எறிந்து எடுத்தால், அடுத்து வருவோரிடம் அவர்கள் கையேந்துவர். ஓர் ஊரின் மானத்தை ஒரு படத்திற்காகக் கெடுக்கலாகாது.

மூன்றாவது, திருப்பிக் கொடுத்தல். நம்மில் மிகச் சிலரே இதனைச் செய்கிறோம். அந்த மயில் சுவரின் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் சென்றபோது, அதை வாங்கிய பெண்மணி முதலில் தலைகீழாகவும் பின் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் காட்ட ஓடினார். அவ்வாண்டு மழையில் அச்சுவர் கரைந்துவிட்டது. படம் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஓர் அச்சுப்படத்திற்கு ஆகும் செலவு ஒரு குவளைத் தேநீரின் விலை. அச்செலவைச் செய்யாமல் ஆயிரம் படங்களைக் கைப்பேசியில் சுமந்து திரிகிறோம்.

இளைஞர்களுக்கு இன்னும் ஓரிரு சொற்கள். நம் நாட்டில் வீடுதோறும் பழகிய அக்பா கிளிக் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைச் செய்தது. அவ்வாலை இப்போது இயங்கவில்லை. பன்னிரண்டே படம் என்பதால் அக்காலத்தவர் எண்ணி எண்ணி எடுத்தனர். ஒரு நாள் பயணத்தில் பன்னிரண்டு படம் மட்டும் எடுப்பது என்று நீங்களே ஒரு நோன்பு பூண்டு பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் காமிராவை வெளியே எடுக்காமல் ஊரைச் சுற்றி நடங்கள், தேநீர்க் கடையில் அமருங்கள், பேசுங்கள். பின்னர் எடுப்பது வேறு படமாக இருக்கும். தொலைவிலிருந்து உருப்பெருக்கி எடுப்பதைக் காட்டிலும், அருகே சென்று அவர் கண்ணைப் பார்த்து எடுப்பது நேர்மை. ஒவ்வொரு படத்திற்கும் ஊர், நாள், பொழுது, செய்யும் தொழில், அதற்கு அவ்வூரார் வழங்கும் சொல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குறிப்பில்லாத படம், முகவரி இல்லாத கடிதம்.

நிறைவாக நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நம் நூலகத்தில் ஒரு நிலைப்பேழையை இதற்கென ஒதுக்க வேண்டுகிறேன். காலனிக் குடும்பங்கள் இவ்வாண்டில் சுற்றுவட்டக் கிராமங்களில் எடுக்கும் படங்களில் தேர்ந்தவற்றைக் குறிப்புகளோடு ஒரு தொகுப்பேடாக்கி அங்கே வைக்கலாம். ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு அச்சு எடுக்க வேண்டும். ஒன்று சங்கத்திற்கு, மற்றொன்று படத்தில் இருப்பவர்க்கு. அடுத்த ஆண்டு விழாவில் கண்காட்சி வைக்கும்போது அவர்களையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்த வேண்டும். பொங்கலன்று ஒரு பிரிவினர் ஆற்றங்கரைக்குச் சென்று, ஒரு தூக்குப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலும் எடுத்துச் சென்று, துசுப் பாடும் பெண்களுக்கு வழங்கிவிட்டு, இசைந்தால் படமும் எடுத்து வரலாம்.

வந்த இடத்தை நாம் உண்ணும் சோற்றால் மட்டும் அறிந்தால் போதாது. கண்ணாலும் அறிய வேண்டும். நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் ‘நாங்கள் பிறந்த ஊர் எப்படி இருந்தது?’ என்று கேட்பார்கள். கோயில் குடமுழுக்குப் படமும் திருமணப் படமும் அவர்களுக்குக் காட்ட நம்மிடம் நிறைய உள்ளன. அந்த ஊரின் வயலும் சந்தையும் சுவரும், அவற்றை ஆக்கிய மக்களின் முகமும் அந்தத் தொகுப்பேட்டில் இருக்குமாறு செய்வது நம் கையில் உள்ளது.